பிடித்தம் போக

ஆடிட்டர் மேடம், இன்று சாயங்காலம் ஆறரை மணிக்கு, நீங்கள் ஆபீஸை மூடப்போகிற நேரத்தில், இடுப்பில் குழந்தையும் கையில் கட்டைப்பையுமாகப் படியேறி வந்தேனே, காட்டூர் ரோஸ்லின், அது நான்தான். ஆன்லைனில் வாட்ச் விற்கிற பெண். நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனையோ பேரைப் பார்ப்பீர்கள், அதனால் சொல்கிறேன்.

ஆரம்பத்திலிருந்து நடந்ததைத் தேதி போட்டு ஒரு பேப்பரில் எழுதிக் கொண்டுவரச் சொன்னீர்கள். வரியில் திரும்ப வாங்க வேண்டியதற்கு அது வேண்டும் என்றீர்கள். ஜெனோ தூங்கிவிட்டாள். மாமியாரும் தூங்கிவிட்டார். எழுத உட்கார்ந்தால் தேதி எல்லாம் சரியாக வரவில்லை, நடந்தது மட்டும்தான் வருகிறது. வேண்டியதை நீங்களே பொறுக்கி எடுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் பெலிக்ஸ் சார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். போய் ஆறு வருஷம் ஆகிறது. கல்யாணத்துக்கு வந்தார், அப்புறம் ஒரு தடவை வந்தார். ஜெனோ வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கும்போது கிளம்பிப் போனவர். அவளுக்கு இப்போது ஒன்றேகால் வயசு. அவர் இன்னும் அவளைத் தூக்கியதில்லை. நாளைக்குக் காலை அந்த ஊர் நேரம் பத்து மணிக்கு, நமக்குப் பதினொன்றரை, அவர் விசா கேன்சல் பேப்பரில் கையெழுத்துப் போடுகிறார். போட்டுவிட்டால் அந்த வேலை போனது போனதுதான். போடாவிட்டால் இன்னும் இரண்டு வருஷம் அதே கம்பெனியில், அதே சம்பளத்தில் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக் கடனுக்கு மாதம் பதினோராயிரத்து ஐந்நூறு அந்தச் சம்பளத்திலிருந்துதான் போகிறது.

இதை உங்களிடம் சாயங்காலம் பாதிதான் சொன்னேன். இப்போது மீதியையும் சேர்த்து எழுதுகிறேன்.

வாட்ச் விஷயம் அவர் ஆரம்பித்ததுதான். நான் கேட்கவில்லை. அங்கே வெள்ளிக்கிழமை லீவு வந்தால் பழைய சாமான் சந்தைக்குப் போவார். ரூமில் எட்டுப் பேர், உட்காரக்கூட இடம் இல்லை, எங்கேயாவது போகத்தானே வேண்டும். அங்கே ஜப்பான் வாட்சுகள், ஒரு கை பட்டது, இரண்டு கை பட்டது, மலிவாகக் கிடைக்கும். வாங்கிவந்து கட்டிலில் உட்கார்ந்து பேட்டரி மாற்றி, கண்ணாடியைப் பற்பசை போட்டுத் தேய்த்து, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார். சாக்ஸுக்குள் சாக்ஸுக்குள் போட்டு வரும், பால் பவுடர் டப்பா, தைலம் எல்லாவற்றுக்கும் நடுவில். ஒரு தடவைக்கு ஐந்து, ஆறு. நான் படம் எடுத்து ஆப்பில் போட்டு விற்பேன். பர்ச்சேஸ் பில் எங்கேம்மா என்று கேட்டீர்களே, சாக்ஸ் பில் கொடுக்காது மேடம்.

நான் படித்தது கான்வென்ட். எல்.கே.ஜி.யிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே பள்ளிக்கூடம். இங்கிலீஷைப் பார்த்துப் பயப்படுகிறவள் இல்லை. அந்த ஆப்பில் வருகிற ஒவ்வொரு வார்த்தையையும் வாசிப்பேன், பக்கத்துவீட்டுப் பெண்கள் என்னிடம்தான் வந்து பாரம் நிரப்பிக்கொண்டு போவார்கள். கணக்கிலும் மோசமில்லை. எட்டாம் வகுப்பில் லாபம் நஷ்டம் பாடம் எனக்குத்தான் பரிசு. ஒரு கடைக்காரர் கைக்கடிகாரத்தை இருநூறுக்கு வாங்கி இருநூற்று ஐம்பதுக்கு விற்றால் லாபம் எவ்வளவு. ஐம்பது. அந்தப் பாடத்தில் கடைக்காரருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் வேறு யாரும் நிற்கவில்லை மேடம். நான் மறந்துபோய்ச் செய்யவில்லை. சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தேன்.

கோடு போட்ட நோட்டில் இடது பக்கம் வாங்கிய விலை, வலது பக்கம் விற்ற விலை. இரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பதுக்கு வாங்கினது, மூவாயிரத்து நானூறுக்குப் போனது, லாபம் ஆயிரத்து ஐம்பது என்று சிவப்பு மையில் எழுதுவேன். அன்று ராத்திரியே அவரிடம் சொல்லிவிடுவேன். அவருக்கு அந்த ஆயிரத்து ஐம்பது எவ்வளவு பெரிய சந்தோஷம் தெரியுமா. அங்கே மொட்டை மாடியில் ஐம்பது டிகிரி வெயிலில் மிஷினைக் கழற்றுகிற ஆளுக்கு, வீட்டில் உட்கார்ந்து படம் பிடித்தே ஆயிரத்து ஐம்பது என்றால்.

மூவாயிரத்து நானூறுக்கு விற்றால் பேங்குக்கு மூவாயிரத்து நானூறு வரவில்லை என்பதை நான் கவனித்தேன். கவனிக்காமல் இல்லை. இரண்டாயிரத்து அறுநூறு வரும், சில சமயம் இரண்டாயிரத்து ஐந்நூறு சொச்சம். வாரா வாரம் ஒரு ஸ்டேட்மென்ட் வரும். மேலே மொத்தம், அதற்குக் கீழே வரிசையாகப் பிடித்தது, கடைசியில் கைக்கு வருவது. நீங்கள் இன்று பேனாவால் ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினீர்கள். கமிஷன் ஐந்நூற்றுப் பத்து, ஒரு பொருளுக்கு இவ்வளவு என்று நாற்பது, கூரியர் நூற்றுப் பத்து, இந்த மூன்றுக்கும் மேல் வரி நூற்றுப் பத்தொன்பது. விளம்பரம் தனி.

"இதையெல்லாம் என்னன்னு நெனச்சுட்டு இருந்தீங்க?" என்று கேட்டீர்கள். நான், ஜெனோ அழுகிற மாதிரி இருக்கிறது என்று எழுந்து நின்றுவிட்டேன். அவள் அழவில்லை. உங்கள் மேஜையில் இருந்த ஸ்டாப்ளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் அப்பா தொழிற்சாலையில் வெல்டர். நாங்கள் இருந்தது கம்பெனி குவார்ட்டர்ஸ். மாதம் பிறந்தால் சம்பளச் சீட்டு வரும். அதுவும் இதே மாதிரிதான் இருக்கும் மேடம், அப்படியே இதே மாதிரி. மேலே மொத்தம், கீழே பிடித்தம், கடைசியில் கைக்கு வருவது. அம்மா மேலே இருக்கிற தொகையைப் பார்க்கவே மாட்டார், பிடித்தத்தைத்தான் பார்ப்பார். அப்பா பி.எஃப்.க்கு அதிகமாகப் பிடிக்கச் சொல்லி எழுதிக்கொடுத்தபோது வீட்டில் மீன் வாங்கினார்கள். கடைசியில் அந்தப் பணம் மொத்தமாக வந்துதான் எனக்கும் அக்காவுக்கும் கல்யாணம். எங்கள் வீட்டில் பிடித்தம் என்றால் போன பணம் இல்லை. வரப்போகிற பணம்.

அப்படித்தான் நினைத்தேன். கம்பெனி நம் பேரில் எடுத்து வைக்கிறது, ஒரு வருஷம் முடிந்தால் மொத்தமாகக் கொடுக்கும் என்று. யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டேன். ஜூலையில் ஒருத்தர் வாட்சைத் திருப்பி அனுப்புகிறேன் என்று சண்டை போட்டார், கம்பெனி என் பக்கம் பேசி, நிறுத்தி வைத்திருந்த ஆயிரத்து இருநூற்று அறுபதை விடுவித்துவிட்டது. திடீரென்று பேங்கில் வந்து விழுந்தது. பார்த்தீர்களா, அவர்களிடம் இருந்தால் பத்திரம்தான் என்று அவருக்கும் சொன்னேன், மாமியாருக்கும் சொன்னேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை. விளம்பரத்தைக் கூட்டலாமா என்று ஆப்பில் அடிக்கடி கேட்கும். கூட்டினால் பிடித்தம் கூடும். நான் கூட்டிக்கொண்டே போனேன். மீன் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

பேங்கில் வந்ததை அப்படியே அவருக்குக் கணக்குச் சொல்லிவிடுவேன், அவர் அடுத்த லாட்டுக்கு வாட்ச் வாங்கிவிடுவார். பணம் போகும், வாட்ச் வரும், வாட்ச் போகும், பணம் வரும். கையில் ஒன்றும் நிற்காது. மாமியார் ஒருநாள் கேட்டார், "லாபம் லாபம்ங்கிற, அது எங்கடி இருக்கு, எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடி மாத்தித் தர்றதுக்காவது ஆகுமா?" என்று. கம்பெனியில் இருக்கிறது அத்தை என்றேன். அவர் அதற்குப் பிறகு பழைய கண்ணாடியையே போட்டுக்கொண்டிருக்கிறார். தையல்காரர் கடை நூலால் காதுப் பக்கம் கட்டியிருக்கிறார்.

பதினோரு மாதம். தொண்ணூற்றாறு வாட்ச். என் நோட்டுப்படி லாபம் ஒரு லட்சத்து எண்ணூறு. கம்பெனி பிடித்தது தொண்ணூற்று மூவாயிரத்து அறுநூற்று நாற்பது. பாக்கி ஏழாயிரத்துச் சொச்சம். பெட்டிக்கும் பபிள் கவருக்கும் மூவாயிரத்து நானூறு நான் எழுதவே இல்லை, அதை நீங்கள்தான் கேட்டு வாங்கினீர்கள். அப்புறம் அந்த இரண்டு வாட்ச், வாங்கினவர்கள் திருப்பி அனுப்பியதில் பெட்டிக்குள் நம்முடையது இல்லை, திருவிழாவில் விற்கிற பிளாஸ்டிக் வாட்ச் இருந்தது. அதில் ஒன்றை ஜெனோ கடித்துக்கொண்டிருக்கிறாள். அந்த இரண்டு வாட்சுக்கும் போட்ட முதல் ஐயாயிரத்துத் தொள்ளாயிரம். எல்லாம் போக எவ்வளவு என்று நீங்கள் கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி வைத்தீர்கள். முன்னால் ஒரு சின்னக் கோடு இருந்தது. இரண்டாயிரத்து நூற்று நாற்பது நஷ்டம்.

இதில் திரும்பி வருவது விற்ற விலையில் அரசாங்க வரிக்கென்று தனியாகப் பிடித்த சில்லறை மட்டும்தான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு, அதற்கும் ரிட்டர்ன் போட வேண்டும் என்றீர்கள். நீங்கள் நல்ல மாதிரி சொன்னீர்கள். ஒரு தடவைகூட முட்டாள் என்று சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தீர்கள்.

அவரை வரச்சொல்லி நான் கேட்டதில்லை மேடம். இதை நீங்கள் நம்ப வேண்டும். அவராகத்தான் முடிவு செய்தார். மார்ச்சில் அறுபதாயிரம் சேர்ந்திருக்கிறது என்று சொன்னபோது, இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் வந்துவிடலாம் போல என்று அவர்தான் சொன்னார். நான், உங்கள் இஷ்டம், எனக்கு ஒற்றை ஆளாகப் பார்சல் கட்ட முடியவில்லை, ஜெனோ டேப்பை வாயில் வைக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். அப்புறம் ஒரு தடவை, பார்சல் எடுக்க வருகிறவரைப் பார்த்து ஜெனோ அப்பா என்று ஓடியதைச் சொன்னேன். அந்த ஆளுக்கு ஐம்பது வயது இருக்கும், பாவம், பையைக் கீழே வைத்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். மாமியார் குழந்தையின் வாயில் இரண்டு விரலால் தட்டினார். இதை ஒரு வேடிக்கையாகத்தான் அவரிடம் சொன்னேன். அடுத்த வாரம் அவர் வேலையை விடுகிறேன் என்று கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆகஸ்டில் ஆன்லைன் வியாபாரம் செய்கிற பெண்களுக்கான வாட்சப் குரூப்பில் ஒருத்தி, பிடித்தத்தைக் கழிக்காமல் லாபம் பார்க்காதீர்கள் சகோதரிகளே என்று ஒரு நீளமான செய்தி போட்டிருந்தாள். முதல் இரண்டு வரி படித்தேன். அன்று ஜெனோவுக்கு ஜுரம். அப்புறம் படிக்கலாம் என்று இருந்தேன். ஜுரம் மூன்று நாளில் விட்டது. செய்தி மேலே போய்விட்டது.

உங்களிடம் வந்ததுகூட அதற்காக இல்லை. அவர் வருவதற்குள் அந்தத் தொகையை மொத்தமாக வாங்கி வைக்கலாம், அதற்கு என்ன பாரம் என்று கேட்கத்தான் வந்தேன். அது தெரிந்ததும்தான் நீங்கள் பேனாவைக் கீழே வைத்தீர்கள்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து நடந்ததையும் எழுதிவிடுகிறேன். இது வரிக்கு வேண்டியதில்லை.

ஒன்பது மணிக்கு போன் வந்தது. எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று மனசுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். முதலில் நாளைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்ல வேண்டும், அப்புறம் காரணம். எடுத்தால் ஒரே சத்தம். ரூமில் அவருக்குப் பிரிவு விருந்து. மற்ற ஏழு பேரும் காசு போட்டு பிரியாணி ஆக்கியிருக்கிறார்கள், ஜெனோவுக்கு மூன்று சக்கர சைக்கிள் வாங்கியிருக்கிறார்கள், அதை போனில் சுற்றிச் சுற்றிக் காட்டினார்கள். பெரிய ஆள் ஒருத்தர் அதில் உட்கார்ந்து முட்டி இடிக்க ஓட்டிக் காட்டினார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

அறந்தாங்கிக்காரர் பஷீர் பாய் என்று ஒருத்தர், இருபத்திரண்டு வருஷமாக அங்கே இருக்கிறார். அவர் குரல்தான் முதலில் வந்தது. "தங்கச்சி, ஒன் புருசன் எங்களயெல்லாம் விட்டுட்டு ஓடுறான். எங்க வீட்டம்மாவுக்கும் அந்த வித்தைய கொஞ்சம் சொல்லிக் குடுத்தா நானும் ஓடி வந்துருவேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதில் ஒருத்தர் நம்பவில்லை போல, வாட்சில் என்னப்பா அவ்வளவு மிச்சம் என்று கேட்டது காதில் விழுந்தது.

அப்போது அவர் சொன்னார், "ரோஸி, நீயே சொல்லு. கம்பெனில நம்ம காசு எவ்வளவு கெடக்கு? ரூவா சுத்தமா சொல்லு, இவனுங்க கேக்கட்டும்."

அவர் என்னை நாலு பேர் முன்னால் பெருமையாகக் கேட்டது அது முதல் தடவை மேடம். எப்போதும் மற்ற ஆட்கள் பேசுவார்கள், இவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

"தொண்ணூத்தி மூவாயிரத்தி அறுநூத்தி நாப்பது" என்றேன்.

கை தட்டினார்கள். பொய் இல்லை அது. அவ்வளவுதான் பிடித்திருக்கிறார்கள்.

போனை வைத்த பிறகு பஷீர் பாய் வீட்டம்மாவிடமிருந்து செய்தி வந்தது. எங்கே வாட்ச் வாங்குவது, எப்படிப் போடுவது, இருக்கிற ரெண்டு வளையலை வைக்கலாமா என்று. அவருக்கு உடனே பதில் எழுதிவிட்டேன். இப்போது வேண்டாம் அக்கா, பிடித்தத்திலேயே எல்லாம் போய்விடுகிறது, வளையலை வைக்காதீர்கள் என்று. முகம் தெரியாதவருக்கு ஒரு நிமிஷத்தில் எழுத முடிந்தது.

என் வீட்டுக்காரர் கோபக்காரர் என்றால் நான் இந்நேரம் சொல்லியிருப்பேன். கத்துவார், போனை வைப்பார், காலையில் போய் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவார், முடிந்தது. இவர் அப்படி இல்லை. நான் வாங்கிய வாட்ச்தான் சரியில்லை போல, இன்னும் நல்லதாகப் பார்த்து வாங்கியிருக்கணும் என்பார். என்னிடம் மன்னிப்புக் கேட்பார். அப்புறம் போய்க் கையெழுத்துப் போடுவார். அந்த சைக்கிளை ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார், மற்ற சாமான்களைக் கொடுத்துவிடுகிற மாதிரி. அவள் அதில் ஏறிப் பழகி, அது சின்னதாகப் போன பிறகு அவர் வருவார்.

மேடம், நான் கிளம்பும்போது நீங்கள் சொன்னீர்கள், "அவர் நம்பரைக் குடும்மா, நீ பேச வேணாம், காலையில ஒம்பது மணிக்கு நானே பக்குவமா சொல்றேன்" என்று. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டீர்கள். அதில் கடைசி எண் தப்பு. ஏழு என்று சொன்னேன், உண்மையில் நான்கு. வாய் தவறிவிட்டது என்றுதான் படியிறங்கும்போது நினைத்தேன். திரும்பி ஏறி வந்து சொல்லியிருக்கலாம், பத்துப் படிதான். ஜெனோ தூக்கத்துக்கு அழுதாள்.

நாளைக்குக் காலையில் நீங்கள் அடித்துப் பார்ப்பீர்கள், வேறு யாரோ எடுப்பார்கள், எனக்குக் கூப்பிடுவீர்கள். நான் போனை அணைத்து வைத்திருப்பேன். இந்தப் பேப்பரை மத்தியானத்துக்கு மேல்தான் உங்கள் ஆபீசில் கொடுப்பேன். நீங்கள் இதைப் படிக்கும்போது அங்கே எல்லாம் முடிந்திருக்கும். என்னைத் தப்பாக நினைக்காதீர்கள். நினைத்தாலும் பரவாயில்லை, ஒரு உதவி மட்டும் செய்யுங்கள்.

அவர் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வருகிறார். இரண்டு நாள் இருக்கட்டும். புதன்கிழமை அவரை உங்களிடம் கூட்டிக்கொண்டு வருவேன், பணத்தை எடுக்க ஆடிட்டரைப் பார்க்கணும் என்று சொல்லி. நீங்கள் என்னை இதற்கு முன்னால் பார்த்ததில்லை. பேர் என்னம்மா என்று கேளுங்கள், சொல்கிறேன். ஸ்டேட்மென்ட்டை எல்லாம் முதலிலிருந்து எடுத்துப் பாருங்கள். பெட்டிக்கு எவ்வளவு ஆச்சு என்று மறுபடியும் கேளுங்கள். இன்றைக்கு எனக்குச் சொன்ன அதே மாதிரி, பேனாவால் ஒவ்வொன்றாகத் தட்டி, மெதுவாகச் சொல்லுங்கள். நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதல் தடவையாகக் கேட்டுக்கொள்வேன். அப்போதுதான் அந்தச் செய்தி எங்கள் இரண்டு பேருக்கும் சேர்ந்து வந்ததாக இருக்கும். உங்கள் பீஸை அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தரமாட்டேன் என்று சொல்கிறவர் இல்லை.

ஜெனோ புது ஆள் யாரிடமும் சட்டென்று போகமாட்டாள். அதற்குத்தான் இரண்டு நாள் கேட்டேன். புதன்கிழமைக்குள் பழகிவிடுவாள். நீங்கள் சொல்ல ஆரம்பிக்கும்போது அவளை அவர் மடியில் உட்காரவைத்திருப்பேன். அவள் மடியில் இருந்தால் அவரால் எழுந்து போக முடியாது.